தலைசுற்றலின் இருப்பிடம்

திருப்பதியிலிருந்து திருமலைக்குப் பேருந்தில் சென்ற அன்பர்கள் ஓர் அனுபவத்தை அறிந்திருப்பார்கள். ஏறுவதற்கு 1974 ஆம் ஆண்டில் அமைந்த பாதையும், இறங்குவதற்கு 1944 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பழைய பாதையும் இன்று பயன்படுகின்றன. எந்தப் பாதையில் சென்றாலும் வளைவுகளுக்குக் குறைவில்லை. பேருந்து வளைந்து வளைந்து செல்கையில், குனிந்து செய்தித்தாள் படிப்பவருக்கு வயிற்றைக் குமட்டுகிறது, தலை சுற்றுகிறது. வண்டியை ஓட்டுபவருக்கோ ஒன்றும் நேர்வதில்லை. இருவரும் ஒரே வண்டியில்தானே செல்கிறார்கள்? பின் ஏன் இந்த வேற்றுமை?

படிப்பவருடைய கண், தன் முன்னால் உள்ள தாள் அசையாதிருக்கிறது என்று மூளைக்குச் சொல்கிறது. அவருடைய காது, 'இல்லை, நாம் திரும்பிக்கொண்டிருக்கிறோம்' என்று சொல்கிறது. இரண்டு சாட்சிகள் முரண்படுகின்றனர். ஓட்டுபவருக்கு வளைவு முன்னரே கண்ணில் படுகிறது. கண்ணும் காதும் ஒரே வாக்குமூலம் கொடுக்கின்றன. தலைசுற்றல் என்பது பெரும்பாலும் இத்தகைய முரண்பாட்டின் விளைவே என்பதை மனத்திற் கொண்டால், இன்று நான் சொல்லப்போகும் செய்தி எளிதில் விளங்கும்.

நான் மருத்துவன் அல்லன். அரசாங்கக் காகிதங்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்ப்பதே என் தொழில். எனினும், பிறமாநிலத்தில் குடியேறிய தமிழர் ஒருவருக்கு உடல் நலம் குன்றினால், மருத்துவருக்கும் அவருக்கும் நடுவே நிற்க ஒரு மொழிபெயர்ப்பாளன் வேண்டியிருக்கிறது. சித்தூரில் எங்கள் தெருவில் வசிக்கும் ஓர் ஆசிரியைக்காக அவ்வாறு நிற்க நேர்ந்ததனால்தான் இந்த விஷயத்தைக் கற்றுக்கொண்டேன்.

முதலில் காதின் வேலையைப் பார்ப்போம். கேட்பது மட்டுமே காதின் தொழில் என்று எண்ணுகிறோம். உட்செவியில் கேட்கும் கருவிக்கு அருகிலேயே நிலை காக்கும் கருவி ஒன்றும் இருக்கிறது. ஓர் அறையின் மூலையில் தரையும் இரு சுவர்களும் கூடுவதுபோல, மூன்று திசைகளில் அமைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் அதில் உள்ளன. அவற்றினுள்ளே திரவம் நிறைந்திருக்கிறது. தலை திரும்பும்போது குழல் திரும்புகிறது. திரவம் சற்றுப் பின்தங்குகிறது. அதனால் உள்ளே இருக்கும் நுண்ணிய மயிரிழைகள் வளைகின்றன. அவ்வளைவே செய்தியாகி நரம்பின் வழியே மூளைக்குச் செல்கிறது. சிறுவர் தட்டாமாலை சுற்றிச் சட்டென்று நிற்கும்போது உலகம் இன்னும் சுழல்வதுபோல் தோன்றுவது இதனால்தான். உடல் நின்றுவிட்டது, குழலிலுள்ள திரவம் உடனே நிற்கவில்லை.

குழல்களை அடுத்து இரண்டு சிறு பைகள் உண்டு. அவற்றில் சுண்ணாம்பு மணிகள் போன்ற நுண்துகள்கள் ஒரு பசையின்மேல் பதிந்திருக்கின்றன. நாம் முன்னே செல்கிறோமா, மேலே எழும்புகிறோமா, தலை எப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்பவற்றை இவை அறிவிக்கின்றன.

உட்செவியிலிருந்து புறப்படும் செய்தி மூளைத்தண்டை அடைந்து, அங்கிருந்து கிளைவழிகளில் பிரிகிறது. ஒரு வழி கண்ணை இயக்கும் தசைகளுக்குச் செல்கிறது. நடந்துகொண்டே கடையின் பெயர்ப்பலகையைப் படிக்க நம்மால் முடிவது இவ்வழியினாலேதான். தலை இடப்புறம் அசைந்தால், ஏறக்குறைய நூறில் ஒரு வினாடிக்குள் கண் அதே அளவு வலப்புறம் நகர்ந்து எழுத்தை நிலைநிறுத்துகிறது. மற்றொரு வழி கழுத்துக்கும் முதுகுத்தண்டுக்கும் இறங்கி, உடல் சாயாமல் தசைகளை இறுக்கியும் தளர்த்தியும் காக்கிறது. வேறொன்று சிறுமூளைக்குச் சென்று கணக்கைச் சரிபார்க்கிறது. கண்ணும், பாதங்களின் உணர்ச்சியும் தத்தம் செய்திகளை அனுப்புகின்றன. இவை அனைத்தும் ஒத்துப்போவதையே 'நிலைத்து நிற்றல்' என்கிறோம்.

இந்த வழிகளிலே குறுக்கிடும் நோய் ஒன்று உண்டு. 1868 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மருத்துவர் ஷார்கோ அதனைத் தெளிவாக வகுத்துரைத்தார். ஆங்கிலத்தில் அதற்கு மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்று பெயர். 'பல இடங்களில் கடினப்பட்ட தழும்புகள்' என்பது பொருள். மின்கம்பியின்மேல் காப்புறை இருப்பதுபோல, நரம்பிழைகளின்மேல் மயலின் என்னும் கொழுப்புறை உண்டு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே வழிதவறி அவ்வுறையை அரித்துவிடுகிறது. உறை போன இடத்தில் செய்தி தாமதமாகிறது. சில சமயம் நின்றே போகிறது. பெரும்பாலும் இருபது முதல் நாற்பது வயதுக்குள் தொடங்கும் இந்நோய், ஆண்களைவிடப் பெண்களுக்கு இருமடங்குக்கு மேல் வருகிறது. 2020 ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகெங்கும் ஏறத்தாழ 28 லட்சம் பேருக்கு இது இருந்தது. இந்தியாவில் இது மிக அரிது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. எம்.ஆர்.ஐ. கருவி பரவிய பின்னரே, அரிதாக இருந்தது நோய் மட்டுமன்று, அதைக் கண்டறியும் வசதியும்தான் என்பது தெரிந்தது. மங்களூரில் நடந்த ஓர் ஆய்வு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 8 பேர் என்று கணக்கிட்டது.

தமிழில் இதனைத் 'தண்டுவட மரப்பு நோய்' என்று அரசாங்கப் படிவங்களில் எழுதுகிறார்கள். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இப்பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்நோய் தண்டுவடத்தோடு நிற்பதில்லை. மூளையிலும், மூளைத்தண்டிலும், கண்நரம்பிலும் உண்டாகிறது. பெயரை மட்டும் நம்பியவர், 'முதுகெலும்பு நோய்க்கும் தலைசுற்றலுக்கும் என்ன சம்பந்தம்?' என்று வாளாவிருந்துவிடக்கூடும். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. நோயின் பெயரை அறிந்துவிட்டவர், பின்னர் வரும் ஒவ்வொரு தலைசுற்றலையும் அதன் கணக்கிலேயே எழுதிவிடுவார். எங்கள் தெரு ஆசிரியைக்கு நேர்ந்தது இந்த இரண்டாவது பிழையே.

அவருக்கு வயது முப்பத்திரண்டு. நோய் இருப்பது மூன்று ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்து மருந்து உட்கொண்டு வந்தார். ஒருநாள் விடியற்காலையில் படுக்கையில் புரண்டவுடன் அறை முழுவதும் சுழன்றது. நோய் மீண்டும் தாக்கிவிட்டது என்று வீடே கலங்கியது. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்த அவருடைய தாயார் என்னை அழைத்தார். மூவருமாக மருத்துவமனைக்குச் சென்றோம்.

கடற்கரை மாவட்டத்தைச் சேர்ந்த ஓர் இளம் மருத்துவர், தெலுங்கில், "கள்ளு திருகுதுன்னாயா?" என்று கேட்டார். தாயாரின் முகம் சிவந்துவிட்டது. "ஐயா, எங்கள் குடும்பத்தில் கள்ளைத் தொட்டவர் எவரும் இல்லை!" என்றார். தெலுங்கில் 'கள்ளு' என்றால் கண்கள், 'கண்கள் சுழல்கின்றனவா?' என்றுதான் மருத்துவர் கேட்டார். நான் விளக்கிய பின்னர் எல்லாரும் சிரித்தோம். ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணா, போன மாதம் பேருந்து நிலையத்தில் நான் தள்ளாடி நடந்தபோது, பின்னால் வந்தவர்கள் அதைத்தான் சொன்னார்கள்" என்றார். நிலை தடுமாறும் நோயாளிகளுக்கு இந்த அவச்சொல் புதிதன்று. வலியைப்போலவே தலைசுற்றலும் பிறர் கண்ணுக்குத் தெரிவதில்லை. தள்ளாட்டம் மட்டுமே தெரிகிறது. அதற்கு உலகம் கற்பிக்கும் காரணமோ ஒன்றுதான்.

மருத்துவர் அவரைப் படுக்கையில் உட்காரவைத்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, விரைவாகப் பின்னே சாய்த்துத் தலை சற்றுத் தொங்கும்படி படுக்கவைத்தார். சில வினாடிகள் கழிந்ததும் ஆசிரியையின் கருவிழிகள் முறுக்கிக்கொண்டு துடித்தன. ஒரு நிமிடத்துக்குள் அடங்கின. லண்டன் நகரத்து டிக்ஸ், ஹால்பைக் என்னும் இருவர் 1952 ஆம் ஆண்டில் விவரித்த சோதனை இது. உட்செவிப் பையிலிருந்து சுண்ணாம்புத் துகள்கள் பெயர்ந்து அரைவட்டக் குழலுக்குள் புகுந்துவிட்டன என்பது இதன் பொருள். தலையைப் படிப்படியாகத் திருப்பி அத்துகள்களைப் பழைய இடத்துக்கே உருட்டிவிடும் முறை ஒன்று உண்டு. எப்லி என்னும் மருத்துவர் வகுத்த அம்முறையைச் செய்து முடிக்கச் சில நிமிடங்களே ஆயின. ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. ஆசிரியை நடந்தே வீடு திரும்பினார். பெரிய நோய் உடையவருக்கும் சிறிய நோய் வரலாம் என்ற எளிய உண்மை அன்று எனக்கு விளங்கியது.

ஆனால் எட்டு மாதங்களுக்குப் பின் வந்த தலைசுற்றல் வேறுவிதமானது. அசையாமல் படுத்திருந்தாலும் அது நீங்கவில்லை. இரண்டு நாட்கள் நீடித்தது. பக்கவாட்டில் பார்த்தால் பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. இம்முறை ஆசிரியைக்குப் பல சோதனைகள் தேவைப்பட்டன. அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, கண்ணைப் பார்ப்பது. பக்கவாட்டில் பார்க்கச் சொன்னபோது அவருடைய ஒரு கண் மூக்கின் பக்கமாக முழுவதும் திரும்பவில்லை, மற்றொன்று துடித்தது. இரு கண்களையும் இணைத்துத் திருப்பும் நரம்புக்கற்றை மூளைத்தண்டின் நடுவே ஓடுகிறது. இளவயதினருக்கு அது பழுதுபடக் காரணம் பெரும்பாலும் இந்நோயே. ஒரு விளக்கும் ஒரு விரலும் கொண்டு செய்யும் இச்சோதனைக்கு விலை ஒன்றுமில்லை, கவனம்தான் வேண்டும்.

இரண்டாவது, தலையைச் சொடுக்கிப் பார்ப்பது. ஹால்மாகி, கர்தோய்ஸ் என்னும் ஆஸ்திரேலிய அறிஞர்கள் 1988 ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். நோயாளி மருத்துவரின் மூக்கையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மருத்துவர் அவர் தலையைச் சிறிதளவு, ஆனால் வெகு விரைவாக, ஒரு பக்கம் திருப்புகிறார். காதும் அதன் நரம்பும் நன்றாக இருந்தால் கண் இலக்கைவிட்டு அகலாது. பழுதுபட்டிருந்தால் கண் தலையோடு சென்று, பின் தாவித் திரும்பும். இப்போது சிறு படக்கருவி பொருத்திய கண்ணாடியை அணிவித்து இதனை அளவிடுகிறார்கள். இதில் ஒரு விந்தை உண்டு. இடைவிடாத தலைசுற்றல் உள்ள ஒருவருக்கு இச்சோதனை சரியாக அமைந்தால் மகிழ்வதற்கில்லை. காதில் குற்றம் இல்லை, மூளையைப் பார் என்பதே அதன் எச்சரிக்கை. எனினும், நரம்பு மூளைத்தண்டில் நுழையும் வாயிலிலேயே தழும்பு இருந்தால், அது காதுக் கோளாறுபோலவே வேஷம் போடுவதும் உண்டு. ஆதலால் ஒரு சோதனையை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்வதில்லை.

மூன்றாவது, காதில் நீர் விடும் சோதனை. வியன்னாவில் பிறந்த ராபர்ட் பாரனி என்னும் காது மருத்துவர், நோயாளிகளின் காதைக் கழுவும்போது, நீர் மிகக் குளிர்ந்திருந்தாலும் மிகச் சூடாக இருந்தாலும் அவர்களுக்குத் தலைசுற்றுவதையும், கண் துடிக்கும் திசை இரண்டுக்கும் மாறுபடுவதையும் கவனித்தார். வெப்ப வேறுபாட்டால் குழலிலுள்ள திரவம் ஓடுகிறது என்று விளக்கினார். இதற்காக 1914 ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. அச்செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார்! இன்று 30 பாகை, 44 பாகை வெப்பமுள்ள நீரையோ, அல்லது குளிர்ந்த, சூடான காற்றையோ செலுத்துகிறார்கள். இரு காதுகளையும் தனித்தனியே சோதிக்க இது உதவுகிறது. சற்றுத் துன்பம் தரும். சில நிமிடங்களில் நீங்கிவிடும்.

நான்காவதே நம் விஷயத்துக்கு மிக முக்கியமானது. காதில் உரத்த ஒலித்துடிப்புகளைச் செலுத்தினால், செவிப்பையொன்று அதிர்ந்து, செய்தி மூளைத்தண்டின் வழியே இறங்கிக் கழுத்துத் தசையைக் கணநேரம் தளர்த்துகிறது. தோலின்மேல் ஒட்டிய சிறு தகடுகள் அதனைப் பதிவு செய்கின்றன. ஆரோக்கியமானவரிடம் ஒலிக்குப் பின் ஏறத்தாழ ஆயிரத்தில் 13 வினாடியில் முதல் அலையும், 23 வினாடியில் இரண்டாவது அலையும் தோன்றும். கண்ணுக்குக் கீழே தகடு ஒட்டி மேலே பார்க்கச் சொன்னால், ஏறத்தாழ ஆயிரத்தில் 10 வினாடியில் ஓர் அலை தோன்றும். கழுத்தில் எடுப்பது கீழே இறங்கும் வழியையும், கண்ணில் எடுப்பது மேலே ஏறும் வழியையும் காட்டுகின்றன. 'வெம்ப்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இச்சோதனை, 1990-களில் கோல்பாட்ச், ஹால்மாகி ஆகியோரின் ஆராய்ச்சியால் உருப்பெற்றது.

இதன் அருமை யாதெனில், அலையின் உயரமும் அது வரும் நேரமும் வெவ்வேறு கதைகளைச் சொல்கின்றன. தபாலை உவமையாகக் கொள்வோம். கடிதம் எழுதுபவரே சோர்ந்துவிட்டால் கடிதம் சிறிதாக இருக்கும், அல்லது வாராது. எழுதுபவர் நலமாக இருந்து பாதை மட்டும் பழுதானால் கடிதம் முழுமையாக, ஆனால் காலந்தாழ்ந்து வரும். காது கெட்டால் அலை பெரும்பாலும் சிறுத்துப்போகிறது. நரம்புறை அரிக்கப்பட்டால் அலை தாமதிக்கிறது. எங்கள் ஆசிரியைக்கு வலக்கழுத்தின் அலை தாமதித்தே வந்தது. எம்.ஆர்.ஐ. படத்தில் மூளைத்தண்டில் ஒரு புதிய புள்ளி தென்பட்டது. சில நோயாளிகளுக்குப் படத்தில் ஒன்றும் தெரியாதபோதும் அலை தாமதிப்பதுண்டு. படம் இடத்தைக் காட்டுகிறது. அலை வேலையைக் காட்டுகிறது. இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்பவை.

ஆயினும் இச்சோதனைக்கும் எல்லை உண்டு. நடுச்செவியில் சீழோ அடைப்போ இருந்தால் ஒலி உட்செவியை எட்டாது. முதுமையிலும் அலை குன்றும். இதைக் கொண்டு மட்டும் நோயின் பெயரைச் சொல்ல இயலாது. இதே போன்ற அறிகுறிகளைத் தரும் வேறொரு நோய் நம் நாட்டில் கவனிக்கத்தக்கது. கண்நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் அதனை, 2004 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட ஒரு ரத்தப் பரிசோதனையால் பலரிடம் பிரித்தறிய முடிகிறது. மருந்து வேறாதலின் அப்பிரிவினை அவசியம்.

கடைசியாக, நிற்கவைத்துப் பார்ப்பது. கண் திறந்தும் மூடியும், கெட்டித் தரையிலும் மெத்தென்ற நுரைப்பஞ்சிலும் நிற்கச் சொல்கிறார்கள். கண்ணை மூடிப் பஞ்சின்மேல் நிற்பவருக்குக் காது ஒன்றே துணை. கண், காது, பாதம் ஆகிய மூன்றில் எது கைவிடுகிறது என்பது இதனால் தெரியும். கணினி பொருத்திய மேடை இருந்தால் நுட்பமாக அளக்கலாம். இல்லையேல் ஒரு பஞ்சுத்துண்டும் ஒரு கடிகாரமும் பெரும்பாலும் போதும்.

இத்தனைக்கும் பயன் என்ன என்று கேட்கலாம். துகள் பெயர்ந்திருந்தால் உருட்டிவிடுவது சிகிச்சை. புதிய தாக்குதல் என்றால் மூன்று முதல் ஐந்து நாட்கள் ஸ்டீராய்டு மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றுவதும், நோயைத் தடுக்கும் மருந்தை மாற்றலாமா என்று ஆராய்வதும் சிகிச்சை. வழி பழுதாகி நிலைத்துவிட்டால், பார்வையை நிலைநிறுத்தும் பயிற்சியும் நடைப்பயிற்சியும் நற்பயன் தருவதை ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. மூன்று நிலைமைகளையும் நோயாளி ஒரே சொல்லால் 'தலை சுற்றுகிறது' என்றே சொல்கிறார். பிரித்தறியாவிட்டால், ஒருவருக்குத் தேவையற்ற ஸ்டீராய்டும், மற்றொருவருக்குத் தேவையான சிகிச்சை கிட்டாமையும் நேரும். எங்கள் ஆசிரியை ஸ்டீராய்டுக்குப் பின் ஆறு வாரங்கள் பயிற்சி செய்து, பள்ளிக்குத் திரும்பினார்.

வெயிலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உடல் சூடேறினால் உறையிழந்த நரம்புகளில் செய்தி இன்னும் தளர்கிறது. 1890 ஆம் ஆண்டிலேயே ஊட்ஹாஃப் என்னும் ஜெர்மானியர் இதனைக் குறித்தார். திருப்பதியின் கோடையில் வெளியே சென்றதும் பழைய தடுமாற்றம் தலைகாட்டி, நிழலில் அமர்ந்து குளிர்ந்ததும் மறைந்தால், அது புதிய தாக்குதலாகாது. ஒரு நாளுக்கு மேல் நீங்காவிட்டால் மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்.

இப்பகுதித் தமிழர்களுக்கு வசதி இல்லாமல் இல்லை. திருப்பதியில் 1993 முதல் பணிபுரியும் ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் நரம்பியல் துறை இருக்கிறது. சித்தூரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலோ, 1949 ஆம் ஆண்டில் டாக்டர் ஜேக்கப் சாண்டி நரம்பியல் பிரிவைத் தொடங்கினார். வேறு மாநிலங்களில் வசிக்கும் அன்பர்கள் தத்தம் ஊரின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவையும் காது, மூக்கு, தொண்டைப் பிரிவையும் அணுகலாம்.

செல்லும்போது மொழியைச் சற்றுச் சீர்படுத்திக்கொண்டு செல்லுங்கள். தமிழில் 'மயக்கம்' என்று ஒரே சொல்லால் பலவற்றைக் குறிக்கிறோம். உலகம் சுழல்கிறதா, கண் இருண்டு விழப்போவதுபோல் இருக்கிறதா, நடையில் மட்டும் தள்ளாட்டமா என்று பிரித்துச் சொல்லுங்கள். சில வினாடிகளா, மணிக்கணக்கா, நாட்கணக்கா? புரண்டு படுத்தால் வருகிறதா, சும்மா இருந்தாலும் வருகிறதா? இரட்டையாகத் தெரிகிறதா, காது மந்தமா? இந்த நான்கைந்து விடைகளை ஒரு தாளில் எழுதிச் சென்றால், மொழி தெரியாத ஊரிலும் பாதிச் சோதனை முடிந்துவிடும். திடீரெனத் தலைசுற்றலோடு வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, கைகால் வலுவிழந்தாலோ, அது பக்கவாதமாக இருக்கலாம். காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

இறுதியாக, 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயைத் தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. அச்சட்டத்தின்படி மதிப்பிட்டு வழங்கும் அடையாள அட்டை நாடு முழுவதும் செல்லும். மாநிலம் மாறிய தமிழருக்கு இது பெரிய துணை. மதிப்பிடும் மருத்துவர் முன் நிலைதடுமாற்றத்தை வாய்ச்சொல்லால் நிறுவுவது கடினம். சோதனைத் தாள்களைப் பத்திரமாக வைத்திருங்கள். எங்கள் தெரு ஆசிரியை தம் கோப்பில் அந்த அலைப்படத்தை முதல் தாளாக வைத்திருக்கிறார். "நான் சொன்னபோது நம்பாதவர்கள், இதைப் பார்த்து நம்பினார்கள்" என்பார். பேருந்து நிலையத்தில் முணுமுணுத்தவர்களுக்கு அத்தாளைக் காட்ட இயலாது. அடுத்த முறை சாலையில் ஒருவர் தள்ளாடுவதைக் கண்டால், முகம் சுளிக்குமுன் கைகொடுக்க முந்துவது நம் கையில் இருக்கிறது.